பிரிவினையும் பிரிந்தோரும்: 'பார்ட்டிசன்' என்னும் சொல் வங்காளத்திலும் தமிழிலும்

முன்னுரை

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் பிஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர் எனப் பெயர் பூண்ட குடியிருப்புகள் உள்ளன. 1947ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர், வெற்று நிலங்களிலும் போர்க்காலப் படைமுகாம்கள் இருந்த இடங்களிலும் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் இவை. இப்பகுதி முதியோர் தம் இளமையை நினைவுகூரும்போது வங்காளி வாக்கியத்தின் நடுவே 'பார்ட்டிசன்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தயக்கமின்றிப் பெய்து பேசுவதைக் கேட்கலாம். பார்ட்டிசனுக்கு முன், பார்ட்டிசனுக்குப் பின் என்பன அவர்தம் காலக்கணக்கின் இரு பகுதிகள். 'தேஷ்பாக்' என்னும் தாய்மொழிச் சொல் கைவசம் இருக்கவும் அயன்மொழிச் சொல்லை அவர்கள் கைவிடவில்லை.

தமிழில் இவ்விரு சொற்களையும் 'பிரிவினை' என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கிறோம். நாளிதழ், பாடநூல், மொழிபெயர்ப்புப் புதினம், ஆய்வேடு ஆகிய அனைத்திலும் இதுவே வழக்கு. இவ்வழக்கு பொருந்துமா, பொருந்தாதெனின் எங்கே பொருந்தவில்லை, அதனால் இலக்கியத் திறனாய்வுக்கு நேரும் இழப்பு யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரிவினை என்னும் பெயர்ச்சொல் செய்தோரையும் பட்டோரையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது என்பதும், அவ்விருவரையும் வேறு பிரித்துக் காட்டும் ஆற்றல் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

சொத்திலிருந்து நாட்டுக்கு

'பார்ட்டிசன்' என்பது பங்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று பிறந்த சொல். ஆங்கிலச் சட்ட வழக்கில் அது உடன்பங்காளிகள் தம் பொதுச் சொத்தைக் கூறுபடுத்திக்கொள்வதைக் குறிக்கும். இப்பொருளில் மூன்று முற்கோள்கள் அடங்கியுள்ளன. பங்கிடத்தக்க ஒரு சொத்து உண்டு. அதன்மேல் உரிமையுடைய பங்காளிகள் உண்டு. செயலின் முடிவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பங்கு இருக்கும். அரசியலுக்கு இச்சொல் பெயர்ந்தபோது இம்முற்கோள்களும் உடன் பெயர்ந்தன. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் இரசியா, பிரசியா, ஆஸ்திரியா ஆகியவை போலந்தைத் தமக்குள் கூறுபோட்டுக்கொண்டதை ஐரோப்பிய வரலாறு இச்சொல்லாலேயே குறிக்கிறது. பின்னர் வங்காளம் (1905), 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அயர்லாந்து, 1947இல் இந்தியா, அதே ஆண்டு நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பாலத்தீனத் திட்டம் என இச்சொல்லின் எல்லை விரிந்தது.

கொல்கத்தாவில் இச்சொல் அரசியல் மேடைக்கு முன்னரே நீதிமன்றத்தில் வழங்கியது. சொத்துப் பங்கீட்டு வழக்குகளை ஒழுங்குபடுத்த 1893இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டத்தின் பெயரிலும் இச்சொல்லே அமைந்துள்ளது. வங்காள இந்துக்களிடையே வழங்கிய உரிமை மரபு, சீமூதவாகனரின் 'தாயபாகம்' என்னும் நூலைச் சார்ந்தது. தமிழகம் உள்ளிட்ட பிற பகுதிகள் விஞ்ஞானேசுவரரின் 'மிதாட்சர' மரபைப் பின்பற்றின. மிதாட்சர மரபில் மகனுக்குப் பிறப்பினாலேயே மூதாதையர் சொத்தில் உரிமை உண்டு. தந்தை வாழும்போதே அவன் பங்கு கேட்கலாம். தாயபாக மரபிலோ தந்தை மறைந்த பின்னரே உரிமை பிறக்கும். ஆகவே, வங்காள மரபில் உடன்பிறந்தாரிடையே நிகழும் பங்கீடு என்பது தந்தையின் சாவுக்குப் பின் நிகழ்வது. நாடு பங்கிடப்பட்டபோது அச்சொல்லைக் கேட்ட கொல்கத்தாக் கற்றோர் செவியில் இக்குடும்பப் பொருளும் ஒலித்திருக்கும் என்று கருத இடமுண்டு.

நாட்டைப் பற்றி இச்சொல்லை ஆளும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. சொத்துப் பங்கீட்டில் மக்கள் பங்காளிகள், நிலம் பங்குப்பொருள். நாட்டுப் பங்கீட்டில் நிலத்தோடு அதில் வாழ்ந்த மக்களும் பங்குப்பொருளாகிவிட்டனர். சிரில் ராட்கிளிஃப் தலைமையிலான எல்லை ஆணையத்தின் தீர்ப்பு, விடுதலைக்கு இரு நாள் கழித்து 1947 ஆகஸ்டு 17இல்தான் வெளியானது. அவ்விடைநாள்களில் குல்னாவில் இந்தியக் கொடியும் மூர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் பறந்தன. தீர்ப்பு வெளியானபின் இரண்டும் இடம் மாறின. தாம் எவர் பங்கில் விழுந்தோம் என்பதையே அறியாதிருந்தோரைப் பங்காளிகள் எனல் இயலாது.

பங்கமும் பாகமும்

ஆங்கிலச் சொல் ஒன்றேயாயினும் வங்காளி மொழி, தன் வரலாற்றின் இரு நிகழ்வுகளுக்கு இரு வேறு சொற்களைப் படைத்துக்கொண்டது. கர்சன் காலத்தில், 1905 அக்டோபர் 16இல் நடைமுறைக்கு வந்ததனை 'வங்கபங்கம்' என்றது. 1947இல் நிகழ்ந்ததனைத் 'தேஷ்பாக்' என்றது. முன்னதன் ஈற்றுச்சொல் 'பங்கம்'. முறித்தல், சிதைத்தல் என்னும் பொருளது. பின்னதன் ஈற்றுச்சொல் 'பாகம்'. கூறு, பங்கு என்னும் பொருளது. இவ்விரு வடசொற்களும் தமிழில் வேரூன்றியவை. மானபங்கம் என்பதில் முன்னதும் பாகப்பிரிவினை என்பதில் பின்னதும் வழங்குகின்றன. பங்கத்தில் ஊறு உண்டு; பங்கு இல்லை. பாகத்தில் பங்கு உண்டு, ஊறு வெளிப்படுவதில்லை.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 1905இல் செய்தவர் அயலார். எதிர்த்தவர் வங்காளிகளுள் பெரும்பகுதியினர். அயலார் செய்த ஊறு என்பதனைப் 'பங்கம்' தெளிவாகச் சுட்டியது. அவ்வெதிர்ப்பின் வலிமை 1911இல் அந்நடவடிக்கையை நீக்கச் செய்தது. 1947இல் நிலைமை வேறு. அவ்வாண்டு சூன் 20இல் வங்காளச் சட்டமன்ற உறுப்பினர்கள் இரு பகுதியினராகக் கூடி வாக்களித்தனர். இந்துக்கள் பெரும்பான்மையராக இருந்த மேற்கு மாவட்ட உறுப்பினர்கள் 58க்கு 21 என்னும் கணக்கில் பிரிக்க வேண்டும் என்றனர். முசுலிம்கள் பெரும்பான்மையராக இருந்த கிழக்கு மாவட்ட உறுப்பினர்கள் 106க்கு 35 என்னும் கணக்கில் பிரிக்க வேண்டா என்றனர். சரத் சந்திர போஸும் சுகராவர்த்தியும் முன்வைத்த ஒன்றுபட்ட வங்காளத் திட்டம் அதற்கு முன்பே வலுவிழந்திருந்தது. 1905இல் பிரிவை எதிர்த்த கொல்கத்தா 1947இல் பிரிவை வேண்டியது. தன் கையும் பட்ட செயலைப் பங்கம் எனல் அரிது. பாகம் எனல் எளிது. சொல்மாற்றத்தில் பொறுப்பின் மாற்றமும் பதிவாகியுள்ளது எனலாம்.

'தேஷ்' என்னும் முதற்சொல்லும் நுணுகி நோக்கத்தக்கது. இதனைத் தேசம் என்று பெயர்த்தல் ஒருவகையில் சரியே. எனினும் கொல்கத்தாவில் ஒருவரை நோக்கி உம் தேஷ் எது என வினவினால், அவ்வினா அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊரையே குறிக்கும். தமிழில் சொந்த ஊர் எது எனக் கேட்பதனோடு இது ஒக்கும். ஆகவே தேஷ்பாக் என்பது நாடு பங்கிடப்பட்டமையையும் ஊர் பறிபோனமையையும் ஒருங்கே உணர்த்தவல்லது. இடம்பெயர்ந்தோரைக் குறிக்க வழங்கும் 'உத்பாஸ்து', 'பாஸ்துஹாரா' ஆகிய சொற்களும் இதனை வலியுறுத்துகின்றன. இரண்டிலும் உள்ள 'பாஸ்து' வழிவழி வாழ்ந்த மனைநிலம். முன்னது அதனின்று வெளியேற்றப்பட்டவரையும் பின்னது அதனை இழந்தவரையும் குறிக்கும். அடைக்கலம் நாடி வந்தவர் எனப் பொருள்படும் 'ஷரணார்த்தி' என்பதோ வந்துசேர்ந்த இடத்தை நோக்கிய சொல். எதனை இழந்தார் என்று கூறும் சொல்லுக்கும் எதனை இரந்தார் என்று கூறும் சொல்லுக்கும் இடையே மானம் தொடர்பான வேறுபாடு உண்டு. தமிழில் அகதி என்னும் ஒரு சொல்லால் இம்மூன்றையும் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைகிறது.

தமிழில் பிரிவினை

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். பிரிவினை என்னும் சொல் தமிழில் குறைந்தது மூன்று துறைகளில் வழங்குகிறது. முதலாவது, குடும்பச் சொத்துப் பங்கீடு. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் இன்றும் வழங்கும் சொல். 1959இல் வெளிவந்த 'பாகப்பிரிவினை' திரைப்படம் இச்சொல்லை மக்கள் நாவில் மேலும் நிலைபெறச் செய்தது. அப்படத்தில் பிரிந்த குடும்பம் இறுதியில் ஒன்றுசேர்கிறது. குடும்பப் பிரிவினை ஆற்றத்தக்க புண் என்பதே அக்கதையின் நம்பிக்கை.

இரண்டாவது, தனிநாட்டுக் கோரிக்கை. திராவிட நாடு வேண்டும் என்ற குரல் எழுந்த காலந்தொட்டுப் பிரிவினைக் கோரிக்கை, பிரிவினைவாதம், பிரிவினைத் தடைச் சட்டம் என்னும் தொடர்கள் தமிழ் இதழ்களில் பெருகின. 1963ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தமிழர் பிரிவினைத் தடைச் சட்டம் என்றே அறிவர். பிரிந்து போதலையும் கூறுபோடுதலையும் ஆங்கிலம் இரு சொற்களால் வேறுபடுத்த, தமிழ் ஒரு சொல்லால் அமைத்துக்கொண்டது. இதன் விளைவாகப் பிரிவினை என்றதும் ஒரு தரப்பினர் கேட்பது, அரசு தடுப்பது என்னும் அரசியல் நிழல் அச்சொல்மேல் படிகிறது.

மூன்றாவது, 1947ஆம் ஆண்டு நிகழ்வு. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதி இந்நிகழ்வை இயற்பெயராக்கிவிடுகின்றனர். தமிழ் எழுத்தில் அத்தகைய வேறுபாடு இல்லை. எனவே இந்தியப் பிரிவினை, தேசப் பிரிவினை என அடைகொடுத்துக் கூறுகிறோம். அடை சேர்ந்தும் முன்னைய இரு பொருள்களின் நிழல் நீங்குவதில்லை. ஆற்றத்தக்க குடும்பப் புண்ணாகவோ, யாரோ கேட்டுப் பெற்ற அரசியல் கோரிக்கையாகவோதான் அது தமிழ் வாசகர் உள்ளத்தில் பதிகிறது. மனைநிலத்தை இழந்தவர் இவ்விரு பொருளிலும் இடம்பெறுவதில்லை.

இலக்கணம் காட்டும் வழி

படிப்பினை, கொடுப்பினை ஆகியவற்றோடு வடிவத்தால் ஒத்த பிரிவினை என்பது தொழிலைக் குறிக்கும் பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது, வினைமுதலையும் காட்டாது. அது படர்க்கை இடத்துக்கே உரியது என்பதும், வினையாலணையும் பெயரோ மூவிடத்துக்கும் உரியது என்பதும் நன்னூலார் வகுத்த நெறி. இந்நெறியை நாம் வகுப்பறையில் எழுவாய் பயனிலைப் பயிற்சியாக மட்டுமே கற்பிக்கிறோம். இந்நெறிக்குத் திறனாய்வுப் பயனும் உண்டு. பிரிவினை என்று கூறுமளவும் நிகழ்வு படர்க்கையிலேயே நிற்கும். எங்கோ, யாருக்கோ நேர்ந்ததாகவே தோன்றும். பிரிந்தோர், பிரித்தோர், பிரிக்கப்பட்டோர் என்னும்போது காலம் புலப்படும். செய்தவரும் பட்டவரும் புலப்படுவர். தன்மையும் முன்னிலையும் உள்ளே வர இடம் பிறக்கும்.

காலம் புலப்படுதல் வங்காளத்தைப் பொறுத்தவரை இன்றியமையாதது. பஞ்சாபில் மக்கள் பெயர்ச்சி பெரும்பாலும் குறுகிய காலத்தில் நிகழ்ந்து முடிந்தது. வங்காளத்திலோ 1947க்குப் பின் 1950ஆம் ஆண்டுக் கலவரங்கள், 1952 அக்டோபரில் கடவுச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தமை, 1964ஆம் ஆண்டுக் கலவரங்கள், 1971ஆம் ஆண்டுப் போர் என அலையலையாக அது நீண்டது. சியால்தா தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடைகள் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பாயின. பிரிவினை என்னும் பெயர் ஒரு நாளைச் சுட்ட, பிரிதல் என்னும் வினையோ கால்நூற்றாண்டுக் காலம் நிகழ்ந்துகொண்டேயிருந்தது.

தன்வினை, பிறவினை வேறுபாடும் இவண் நோக்கத்தக்கது. பிரிதல் தன்வினை; பிரித்தல் பிறவினை. ஓரெழுத்து மிகுதலால் பொறுப்பு முழுதும் இடம் மாறுகிறது. பிரிவினை என்னும் சொல்லில் இவ்விரண்டும் வேறுபாடின்றிக் கலந்துள்ளன. அதனாலேயே அச்சொல் அரசுகளுக்கும் வரலாற்று நூல்களுக்கும் வசதியாக அமைகிறது.

அகப்பிரிவும் வங்காளப் பிரிவும்

பிரிதலை உரிப்பொருளாகக் கொண்ட ஒரு திணையையே வகுத்த மொழி தமிழ். ஆதலின் வங்காள இலக்கியத்தைத் தமிழில் ஆராய்வோர் பாலைத்திணையை நாடுதல் இயல்பு. ஆயினும் இவ்வொப்பீட்டை எச்சரிக்கையோடு செய்தல் வேண்டும்.

தொல்காப்பியர் ஓதல், பகை, தூது முதலியவற்றைப் பிரிவுக்குரிய காரணங்களாகக் கூறுகிறார். பொருள்வயிற் பிரிவு சங்கப் பாடல்களில் மிகுந்து காணப்படுகிறது. இவையனைத்திலும் பிரிவோன் தானே துணிந்து பிரிகிறான். அவன் மீள்வான் என்னும் எதிர்பார்ப்பே பாடலின் உயிர். இல்லம் இருந்த இடத்தில் இருக்கும். அங்கே ஒருத்தி நாளெண்ணிக் காத்திருப்பாள். அவன் கடந்து செல்வது மொழி வேறுபடும் தேயம்; அவ்வேறுபாடே அதன் அயன்மைக்குச் சான்று. வங்காளத்திலோ இவை அனைத்தும் தலைகீழாயின. சென்றவர் குடும்பத்தோடு சென்றனர். காத்திருந்தது ஆளற்ற வீடு. மீட்சிக்குப் பருவக் குறி ஏதுமில்லை. எல்லாவற்றினும் மேலாக, அவர்கள் சென்றடைந்த இடத்தில் மொழி வேறுபடவில்லை. ஒலிப்பு வேறுபட்டது; கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்கால்' எனச் சுட்டப்பட்டனர். ஆனால் மொழி ஒன்றே. ஒரே மொழி பேசுவோர் நடுவே அயலாராதல் என்பது அகமரபு அறியாத துன்பம்.

எனினும் பாலை பற்றிய ஒரு கருத்து இவண் பெரிதும் பயன்படும். பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டும் நிலம். பாலை என்பது நிலத்தின் பெயரன்று. நிலத்துக்கு நேரும் நிலைமையின் பெயர். ஆறும் நெல்வயலும் சூழ்ந்த கிழக்கு வங்காளம் மருதத்தை ஒத்த நிலம். அது ஞாயிற்றின் வெம்மையால் திரியவில்லை. வரைபடத்துக் கோடு ஒன்றினால் திரிந்தது. ரித்விக் கட்டக் இயக்கிய 'கோமல் காந்தார்' (1961) திரைப்படத்தில், பத்மா ஆற்றங்கரையில் தொடர்வண்டிப் பாதை சட்டென முற்றுப்பெறும் காட்சி ஒன்று உண்டு. அக்கரை பசுமையாகவே தெரிகிறது, செல்லத்தான் வழியில்லை. பசுமை மாறாத பாலை என அதனைக் கூறலாம்.

புதினங்களில் சொல்லும் செயலும்

மேற்கண்ட வேறுபாடுகள் இலக்கியத்தில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதை மூன்று புதினங்களால் விளக்கலாம்.

முதலாவது, அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதிய 'நிழற்கோடுகள்' (1988). கதைசொல்லியின் பாட்டி பிறந்த டாக்கா வீடு, உடன்பிறந்தாரின் பகையால் நடுவே சுவர் எழுப்பிப் பங்கிடப்பட்டது. வழியில் எதிர்ப்பட்ட எதையும் பொருட்படுத்தாமல் அச்சுவர் வீட்டை ஊடறுத்துச் செல்கிறது. சொத்துப் பங்கீடு, தடுப்புச் சுவர், நாட்டுப் பங்கீடு என ஆங்கிலச் சொல்லின் மூன்று பொருள்களும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. இதனைத் தமிழில் பெயர்ப்போர்க்கு மூன்று சொற்கள் தேவைப்படும். மூன்றாக்கினால் ஆசிரியர் ஒரு சொல்லில் அடக்கிய நுட்பம் சிதறும். பின்னாளில் டாக்காவுக்குப் பறக்கவிருக்கும் அதே பாட்டி, வானூர்தியிலிருந்து எல்லை கண்ணுக்குப் புலப்படுமா என வினவுகிறாள். வீட்டுச் சுவரைக் கண்டவள் நாட்டுச் சுவரையும் காண விரும்புவதில் வியப்பில்லை. பங்கீடு என்றால் ஏதேனும் ஒரு சுவர் இருக்க வேண்டும் என்பது அவள் பட்டறிவு.

இரண்டாவது, ஜோதிர்மயி தேவியின் 'ஏபார் கங்கா ஓபார் கங்கா'. 1946ஆம் ஆண்டு நவகாளிக் கலவரத்தில் குடும்பத்தை இழந்த சுதாரா, அண்டை முசுலிம் குடும்பத்தாரால் காக்கப்படுகிறாள். பின்னர்க் கொல்கத்தாவில் உள்ள தன் உடன்பிறந்தாரிடம் வந்து சேர்கிறாள். அங்கே அண்ணனின் புகுந்த வழி உறவினர் அவளைத் தீட்டுப்பட்டவளாக நடத்துகின்றனர். அவளுக்கு நேர்ந்தது யாது என்பதனைப் புதினம் வெளிப்படையாகக் கூறுவதில்லை. அவளைக் குடும்பத்தினின்று பிரித்தவர் யார்? கலவரக்காரர் ஒருமுறை பிரித்தனர். சொந்தக் குடும்பம் நாள்தோறும் பிரித்தது. பங்கம், பாகம் ஆகிய இரு சொற்களும் அவள்மேல் வந்து விழுகின்றன. பங்கமுற்றவளுக்குக் குடும்பத்தில் பாகம் இல்லை. தேஷ்பாக் என்னும் சொல் கூறாது விட்டதனை இப்புதினம் கூறுகிறது.

மூன்றாவது, அதீன் பந்தோபாத்தியாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'. கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பால் இது தமிழ் வாசகரிடையே நிலைபெற்றது. கிழக்கு வங்காளச் சிற்றூர் ஒன்றின் தாக்குர் குடும்பமும் சுற்றியுள்ள முசுலிம் உழவர்களும் வாழும் வாழ்வையே இது விரித்துரைக்கிறது. அரசியல் பேரவைகளோ எல்லை ஆணையமோ முன்னிற்பதில்லை. இறுதியில் குடும்பம் ஊரை விட்டுப் புறப்படுகிறது. மனநிலை பிறழ்ந்து எங்கோ அலையும் பெரியப்பா அப்போது வீடு திரும்பியிருக்கவில்லை. சிறுவன் சோனா, தாங்கள் இந்துஸ்தானத்துக்குச் சென்றுவிட்ட செய்தியைப் பெரியப்பாவை விளித்து ஓர் மரத்தின் பட்டையில் செதுக்கி வைக்கிறான்.

அச்செய்தியின் இலக்கணம் ஆராயத்தக்கது. பிரிவினை என்னும் தொழிற்பெயர் அதில் இல்லை, படர்க்கையும் இல்லை. எழுதுவோர் தன்மைப் பன்மை, பெறுவோர் முன்னிலை, வினை, போதல் என்னும் தன்வினை. ஏன் போனோம், யார் போகச் செய்தனர் என்பதனை அச்சிறுவன் அறியான், ஆகவே எழுதவுமில்லை. பெறுவோரோ அதனைப் படித்துணரும் நிலையில் இல்லாதவர். பிறவினையின் செய்தி எதுவும் எட்டாத ஒருவருக்குத் தன்வினையில் எழுதப்பட்ட மடல் அது. அகமரபில் பிரிந்தோன் மீள்வதற்குக் காத்திருப்பவர் வீட்டில் இருப்பர். இங்கோ வீட்டிலிருந்தோர் எல்லாரும் சென்றுவிட, மீளக்கூடியவர் வழிதவறியவர் மட்டுமே. பிரிவின் இலக்கணம் முழுதும் தலைகீழாவதனை இம்மரப்பட்டை மடல் ஒன்றே காட்டிவிடுகிறது. தமிழ்த் திறனாய்வில் இப்புதினத்தைப் பிரிவினை இலக்கியம் என வகைப்படுத்தி நிறுத்துவது, அம்மடலில் இல்லாத சொல்லைக் கொண்டு மடலை மூடுவதாகும்.

தமிழர்க்குரிய வினா

இவ்வாராய்ச்சி வங்காளத்தைப் பற்றியதாயினும் தமிழர்க்கும் அணுக்கமானது. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், மலையகத் தமிழர் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது. இது நிலத்தைத் தொடாமல் மக்களை மட்டும் பங்கிட்ட பாகப்பிரிவினை. எனினும் பிரிவினை என்னும் சொல் இதற்கு வழங்கவில்லை. வந்து சேர்ந்தோர்க்கு அரசு சூட்டிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தேயிலைத் தோட்ட லயங்களில் பிறந்து, தமிழகத்தை முன்னர்க் கண்டறியாதவரையும் திரும்பியோர் என்றது அச்சொல். பிரிதலையே மீட்சியாகப் பெயர் மாற்றிய சொல் இது. அதே மக்களை நீலகிரியின் உள்ளூர் வழக்கு 'சிலோன்காரர்' என்றது. மொழி ஒன்றாயிருந்தும் அயலாராக்கப்பட்ட பாங்கால் மக்களின் நிலைக்கு இதனினும் நெருங்கிய ஒப்பீடு தமிழில் இல்லை.

தாயகம் திரும்பியோர் என்பதும் வினையாலணையும் பெயரே என இவண் ஒரு தடை எழக்கூடும். இத்தடை பொருளுடையது. வடிவம் மட்டும் உண்மையைக் காத்துவிடாது. இதில் வினை தன்வினையாக இருப்பதே குறை. திருப்பியனுப்பப்பட்டோரைத் திரும்பியோர் என்றமையால் செய்தவர் மறைந்தனர். ஆகவே வினையைக் கூறினால் மட்டும் போதாது. தன்வினையா பிறவினையா என்பதனையும் ஆய்ந்து கூறுதல் வேண்டும்.

நிலைபெற்ற சொல்லை மாற்ற முயல்வது வீண்வேலை என்பது மற்றொரு தடை. பிரிவினை என்னும் சொல்லை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டம், ஒப்பந்தம், எல்லை வரைவு ஆகியவற்றைக் குறிக்க அது தகுதியான சொல்லே. மக்களின் பட்டறிவையும் அதனைப் பாடும் இலக்கியத்தையும் அதே சொல்லால் குறித்துவிட்டு ஆராய்ச்சி முற்றியதாகக் கருதுவதே தவறு. பிரிந்தோர் வேறு, பிரித்தோர் வேறு என எளிதாகக் கோடு கிழிக்கவும் இயலாது. மனைநிலம் இழந்து கொல்கத்தாவுக்கு வந்தோர் உண்டு. கொல்கத்தாவில் மனைநிலம் இழந்து கிழக்கே சென்ற முசுலிம்களும் உண்டு. இரு திசையிலும் பிரிந்தோரின் இன்னொரு பகுதியினர் பிரித்தோராயிருந்தனர். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) இதனைத் தமிழில் உணர்த்திய அரிய புதினம். ஐதராபாத் கலவரச் சூழலில் ஓர் ஏழை முசுலிம் குடும்பத்தின் வீட்டுக்குள் தப்பிப் புகும் சந்திரசேகரன், தன்னைக் கண்டு அக்குடும்பம் கொள்ளும் அச்சத்தில் தன்னையே பிரித்தோர் வரிசையில் காண்கிறான், நாணி ஓடுகிறான். அவன் எவரையும் தாக்கியதில்லை. ஆயினும் அவ்வீட்டார் கண்ணில் அவன் வினைமுதல்.

முடிவுரை

'பார்ட்டிசன்' என்னும் ஆங்கிலச் சொல், சொத்துரிமை வழக்கிலிருந்து நாட்டு வரலாற்றுக்குப் பெயர்ந்தபோது மக்களைப் பங்குப்பொருளாக்கியது. வங்காளி மொழி அச்சொல்லின் சுமையைப் பங்கம், பாகம், தேஷ், பாஸ்து ஆகிய பல சொற்களிடையே பகிர்ந்துகொண்டது; எஞ்சியதை ஆங்கிலச் சொல்லின் தோளிலேயே விட்டுவைத்தது. வாழ்வை இரண்டாக வெட்டிய செயலுக்குத் தம் வீட்டுச் சொல்லைத் தர மனமின்றி, வெட்டிய ஆணையில் இருந்த சொல்லையே முதியோர் ஆள்கின்றனர் எனக் கொள்ளவும் இடமுண்டு. தமிழ், ஏற்கெனவே இரு பொருள்களைச் சுமந்த பிரிவினை என்னும் ஒரே சொல்லின்மேல் இதனையும் ஏற்றியது. அதனால் ஊர் இழந்தோர் சொல்லுக்கு வெளியே நிற்கின்றனர்.

பிரிவினை என்று எழுதும் ஒவ்வோரிடத்தும் பிரிந்தோர் யார், பிரித்தோர் யார், எப்போது என்னும் மூன்று வினாக்களைத் திறனாய்வாளர் எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்குமிடத்தில் வினையாலணையும் பெயரால் எழுதுதல் வேண்டும். வங்காளப் புதினங்களையும் மலையகப் படைப்புகளையும் ஒருங்கே பயில்விக்கும் வகுப்பறையில் இதனைத் தொடங்கலாம். நன்னூல் நூற்பா ஒன்றின் பயனைச் சோனாவின் மரப்பட்டை மடலைக் கொண்டு மாணவர்க்கு உணர்த்த இயலுமாயின், இலக்கணமும் இலக்கியமும் ஒருசேரப் பயன் தரும்.